ஐபீரியாவுக்கு ஒரு தனிக் கேம்பெய்ன் வரைபடம்: ஜிப்ரால்டரில் பாலம் வேண்டுமா, வேண்டாமா?

கோட்டைவாசல்

மெடீவல் 2: டோட்டல் வார் என்ற போர்க் கணினி ஆட்டத்துக்காக ஐபீரியத் தீபகற்பத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி ஒரு கேம்பெய்ன் வரைபடம் (படைகளை நகர்த்தி நாடு பிடிக்கும் பெரிய வரைபடம்) செய்துகொண்டிருக்கிறேன். அசல் ஆட்டத்தில் பைரனீஸ் மலைக்குத் தெற்கே பத்து நகரங்கள்கூடக் கிடையாது. தலைமுறை தலைமுறையாக எல்லைச் சண்டை நடந்த நிலம் அங்கே வெறும் பச்சைத் திட்டாகக் கிடக்கிறது. அந்த எரிச்சலில் தொடங்கிய வேலை இது.

தொடக்கம் 1195 ஜூலை. அலார்கோஸ் போரில் காஸ்டீல் அரசர் எட்டாம் அல்ஃபோன்சோ, வட ஆப்பிரிக்காவையும் தெற்கு ஸ்பெயினையும் ஆண்ட முஸ்லிம் வம்சமான அல்மொஹாதுகளிடம் தோற்ற கையோடு ஆட்டம் ஆரம்பிக்கும். காஸ்டீல், லெயோன், போர்ச்சுகல், நவார், அரகான், அல்மொஹாதுகள் என்று ஆறு தரப்புகள். மற்றவை கலகக்காரர் நகரங்கள். வரைபடத்தின் அளவு 210 × 195 கட்டம், கட்டம் ஒன்றுக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். தெற்கே ஃபெஸ் நகரம் வரை, கிழக்கே பலேரிக் தீவுகள் வரை வருகிறது. மராகேஷ் படத்துக்கு வெளியே போய்விட்டது.

மூன்று சிக்கல்கள். ஏற்றும் பட்டை முடியும் தறுவாயில் ஆட்டம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொள்கிறது. அடுத்தது, டொலேடோவுக்கும் கோர்டோபாவுக்கும் நடுவே இருக்க வேண்டிய சியர்ரா மொரேனா மலைத்தொடர் கண்ணுக்கே தெரியவில்லை. உயரத் தரவை நேராக எடுத்துத்தான் போட்டிருக்கிறேன். மூன்றாவதுதான் பெரிய கேள்வி: ஜிப்ரால்டர் நீரிணையில், படைகள் கப்பல் இல்லாமல் நடந்தே கடக்கும் நிலப்பாலம் வைக்கலாமா?

தார்ப்பாய்

முதல் சிக்கலுக்கு மட்டும் இப்போது பதில். கான்ஃபிக் கோப்பில் பதிவேட்டின் அளவை 'ட்ரேஸ்' என்று மாற்றிவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். ஆட்டம் சாகும்போது கடைசியாக எந்தக் கோப்பைத் தொட்டது என்று பதிவேடு சொல்லும். அதைப் பார்க்காமல் இங்கே யார் என்ன சொன்னாலும் அது ஜோசியம்.

ஆனாலும் ஜோசியம் சொல்கிறேன். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம் தரும் பகுதிப்படத்தை எந்தக் கருவியால் வரைந்தீர்கள்? கிம்ப் என்ற பட மென்பொருளில் தூரிகையைப் பயன்படுத்தியிருந்தால் ஓரங்களை அது மென்மையாக்கும். கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் தொட்டுக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும். உள்ளே இரண்டுக்கும் நடுவில் ஒரு பழுப்பு வரிசை உட்கார்ந்திருக்கும். அந்தப் பழுப்புக்குப் பகுதிகள் கோப்பில் பெயர் கிடையாது. பென்சில் கருவி, ஒரு பிக்சல் அகலம், ஓர மென்மை கூடாது. நகரத்துக்குச் சுத்தக் கறுப்பு, துறைமுகத்துக்குச் சுத்த வெள்ளை. கறுப்புப் பிக்சலைச் சுற்றி எட்டுத் திசையிலும் அந்தப் பகுதியின் நிறமே இருக்கட்டும். கோப்பை 24 பிட் டிஜிஏ-ஆகச் சேமியுங்கள், சுருக்கம் கூடாது.

அதுவும் சரியென்றால் பகுதிகள் கோப்பில் ஒவ்வொரு பகுதியின் மத விழுக்காட்டையும் கூட்டிப் பாருங்கள். 100 வராவிட்டால் எஞ்சின் சண்டைக்கு வரும். கூலிப்படைக் கோப்பில் ஏதாவது ஒரு குழுவில் எல்லாப் பகுதிகளின் பெயரும் இருக்க வேண்டும். புதிதாகப் பகுதி சேர்ப்பவர்கள் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கோட்டைவாசல்

தூரிகைதான். எப்ரோ ஆற்றங்கரை முழுவதும் நீங்கள் சொன்ன பழுப்பு வரிசை இருந்தது. பென்சிலால் திரும்ப வரைந்ததும் ஏற்றம் முடிந்து வரைபடம் திறந்துவிட்டது. ஆனால் அல்ஃபோன்சோ டொலேடோவில் இல்லை, பிஸ்கே விரிகுடாப் பக்கம் எங்கோ நிற்கிறார்.

தார்ப்பாய்

பட மென்பொருள் மேலிருந்து எண்ணும், தொடக்க நிலைக் கோப்பு கீழிருந்து எண்ணும். உங்கள் உயரம் 195. ஆகவே 194-இலிருந்து படத்தின் ஒய் மதிப்பைக் கழித்துப் போடுங்கள். அரசர் வீடு திரும்புவார்.

மலைமுகடு

சியர்ரா மொரேனா பற்றி நான் சொல்கிறேன். எனக்குப் பிடித்த மலை.

உயரத் தரவு எஸ்ஆர்டிஎம் தானே? 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்த தரவு. மாடிங் (ஆட்டத்தை மாற்றியமைக்கும் வேலை) செய்பவர்களுக்கு அது ஒரு வரம். ஆனால் நேராகப் போட்டால் உதவாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐபீரியாவின் உச்சி சியர்ரா நெவாடாவில் இருக்கும் முலாசென் சிகரம், 3,479 மீட்டர். உயரத்தைச் சாம்பல் நிறத்தின் 256 படிகளாகக் காட்டும் உயரப்படத்தில் அதை வெள்ளையாகவும் கடல் மட்டத்தைக் கறுப்பாகவும் வைத்தால் சாம்பல் நிறத்தின் ஒரு படி கிட்டத்தட்ட 14 மீட்டர் ஆகிறது. காஸ்டீலியப் பீடபூமியின் சராசரி 600, 700 மீட்டர். அது 47ஆம் படியில் வந்து விழும். சியர்ரா மொரேனா மிக உயர்ந்த இடத்திலேயே 1,300 மீட்டரைச் சற்றே தாண்டும். உயரப்படத்தின் பிக்சல் ஒன்று 3 கிலோமீட்டர் என்பதால் முகடுகள் சராசரியில் கரைந்து இன்னும் தாழும். பிறகு எப்படித் தெரியும்?

இது தரவின் குறை இல்லை, மலையின் குணம். சியர்ரா மொரேனா உண்மையில் பீடபூமியின் தெற்கு விளிம்பு. வடக்கே லா மாஞ்சாவிலிருந்து வருகிறவனுக்கு அது சில குன்றுகள்தான். தெற்கே குவாதல்கிவீர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நின்று நிமிர்ந்து பார்ப்பவனுக்குச் சுவர். எனவே வடக்குச் சரிவை அப்படியே விட்டுவிட்டுத் தெற்குச் சரிவை மட்டும் கொஞ்சம் செங்குத்தாக்குங்கள். கிம்ப்பின் வளைகோட்டுக் கருவியில் 10 முதல் 90 வரையுள்ள சாம்பல் படிகளை விரித்து, அதற்கு மேலே உள்ளதை நெருக்கிவிட்டால் சியர்ரா நெவாடா கொஞ்சம் குட்டையாகும், மற்ற மலைகளுக்கு உயிர் வரும். இதைச் செய்யும்போது கடலின் நீலத்தைத் தனியே தேர்ந்தெடுத்துப் பூட்டிவையுங்கள். உயரப்படத்தில் கடல் என்பது 0, 0, 253 என்ற நீலம். நிலத்தை மென்மையாக்கும்போது அந்த நீலம் சாம்பலில் கசிந்தால் கரையோரம் முழுவதும் ஓட்டை விழும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. உயரப்படம் கண்ணுக்கு மட்டும்தான். படை எங்கே நடக்கலாம், எங்கே நடக்க முடியாது என்பதை முடிவு செய்வது தரைவகைப் படம். நீங்கள் இமயமலையையே எழுப்பி வைத்தாலும் தரைவகை 'மலைக்குன்று' என்றிருந்தால் படை அதன் மேல் உல்லாசமாக நடந்து போகும். தட்டையான நிலத்தில் 'உயர்மலை' நிறத்தைப் பூசினால் குதிரைகூட நுழையாது. ஆகவே வேலையின் வரிசையை மாற்றுங்கள். முதலில் தரைவகைப் படம், பிறகு நகரங்கள், பிறகு பகுதி எல்லைகள். அழகு கடைசியில். யார் யாரை எந்த வழியாக எட்ட முடியும் என்பதுதான் கேம்பெய்ன் வரைபடம். மலையும் நிழலும் அதன் மேல் போர்த்திய துணி.

கோட்டைவாசல்

நன்றி. தரைவகைப் படத்தில் சியர்ரா மொரேனாவுக்கு உயர்மலை நிறத்தில் ஒரு கோடு இழுத்திருந்தேன். ஆனாலும் படைகள் சில இடங்களில் ஊடுருவிப் போகின்றன. கோட்டில் எங்கும் இடைவெளி இல்லை.

மலைமுகடு

கோடு ஒரு பிக்சல் அகலமா? தரைவகைப் படம் பகுதிப்படத்தைவிட இரு மடங்கு பெரிது, கூட ஒன்று. உங்கள் அளவில் 421 × 391. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் நடுவிலுள்ள பிக்சலைத்தான் எஞ்சின் எடுத்துக்கொள்கிறது. கட்டத்தின் எக்ஸ் மதிப்பை இரட்டித்து ஒன்றைக் கூட்டுங்கள், ஒய் மதிப்புக்கும் அப்படியே. அதுதான் அந்த நடுப் பிக்சல். உங்கள் கோடு வளைந்து போகும் இடங்களில் நடுப் பிக்சலைத் தொடாமல் ஓரத்தில் போயிருக்கும். நீங்கள் சுவர் என்று நினைத்தது எஞ்சினுக்கு வெறும் அலங்காரம். மூன்று பிக்சல் அகலமாக வரையுங்கள்.

கணவாய்க்கும் இதே விதிதான். ஒரு கட்டம் திறக்க வேண்டுமென்றால் அந்த நடுப் பிக்சலைத் திறந்தால் போதும். எத்தனை கணவாய் வைத்திருக்கிறீர்கள்?

கோட்டைவாசல்

ஒன்றுதான், தெஸ்பெனியாபெர்ரோஸ்.

மலைமுகடு

அங்கே இன்றிருக்கும் பெருவழி 18ஆம் நூற்றாண்டில் போடப்பட்டது. 1212இல் லாஸ் நாவாஸ் தே தொலோசா போருக்கு வந்த கிறிஸ்தவப் படை ஏறியது அதற்குச் சற்று மேற்கே, முராதால் கணவாய் வழியாக. இறங்கும் இடத்தில் இருந்த இடுக்கை அல்மொஹாதுகள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஊர் மேய்ப்பன் ஒருவன் வேறொரு வழி காட்டினான் என்றும், அதனால்தான் படை சமவெளியில் இறங்க முடிந்தது என்றும் மரபாகச் சொல்கிறார்கள். மேய்ப்பன் கதையை நம்புகிறீர்களோ இல்லையோ, வரைபடத்துக்கு அது அருமையான பாடம்: கணவாய் இரண்டு வேண்டும்.

ஒரே கணவாய் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு படையை அதில் நிறுத்திவிட்டால் அதன் கட்டுப்பாட்டு வட்டம் (பகைப்படை கடக்க முடியாத சுற்றுப்பரப்பு) முழு வழியையும் அடைத்துவிடும். ஏஐ தரப்பு, அதாவது கணினியே ஆடும் தரப்பு, வடக்கே மூன்று நான்கு படைகளைக் குவித்துக்கொண்டு முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும். நான்கைந்து கட்டம் தள்ளி, கொஞ்சம் சுற்றுவழியாக இன்னொரு கணவாயைத் திறந்துவிடுங்கள். ஏஐ முதலில் குறுக்குவழியைத்தான் நாடும். அடைபட்டால் அடுத்ததற்குப் போகும். ஆடுபவனும் இரண்டையும் காக்கப் படையைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

அலைமகன்

மலையைப் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது. நீரிணைக்கு வருவோம். நிலப்பாலம் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

ஐபீரியாவின் தெற்கு வரலாறே அந்த நீரிணைதான். 1211இல் அல்மொஹாது கலீஃபா அல்-நாசிர் கடல் கடந்துதான் வந்தார். பிற்காலத்தில் காஸ்டீல் 1342 முதல் 1344 வரை அல்ஹெசிராஸை முற்றுகையிட்டதும் வடக்கு ஆப்பிரிக்காவிலிருந்து படை இறங்கும் வாசலை அடைக்கத்தான். அந்த வாசலில் நிலப்பாலத்தைக் குறிக்கும் பச்சைப் பிக்சல் ஒன்றை வைத்துவிட்டால் கப்பலுக்கு என்ன மதிப்பு? தான்ஜியரிலிருந்து புறப்பட்ட படை நடந்தே தரீஃபா போய்ச் சேரும். காஸ்டீல் கடற்படை கட்டுவதற்குக் காரணமே இருக்காது.

இன்னொன்று. நிலப்பாலம் வேலை செய்ய வேண்டுமானால் நடுவே இருக்கும் கடல் ஒரு கட்டம் அகலமாக இருக்க வேண்டும். ஜிப்ரால்டர் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். உங்கள் அளவில் இரண்டு கட்டத்துக்கு மேல். கரையை வேண்டுமென்றே இழுத்துச் சுருக்கினால்தான் பாலம் வரும்.

தார்ப்பாய்

வரலாறு சரி. இந்த ஆட்டத்தின் ஏஐ கப்பலேறிப் போர் செய்து பார்த்திருக்கிறீர்களா? எப்போதாவது அரைப் படையை ஏற்றி, கடலில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே இறக்கிவிடும். பாலம் இல்லையென்றால் அல்மொஹாதுகளின் ஆப்பிரிக்கப் படை முழுவதும் ஃபெஸ் நகரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். ஸ்பெயின் பக்கம் உள்ள கோட்டைக்காவல் படைகளை காஸ்டீலும் அரகானும் போர்ச்சுகலும் மூன்று பக்கமும் பிய்த்துத் தின்றுவிடும். 1212 வருவதற்குள் செவில் விழுந்திருக்கும். உண்மையில் செவில் விழுந்தது 1248இல்.

கரையைச் சுருக்குவது பாவமா? எல்லா வரைபடத்திலும் நகரத்தை நகர்த்துகிறோம், தீவைப் பெரிதாக்குகிறோம். துல்லியம் வேண்டுமென்றால் அட்லஸ் வாங்கிக்கொள்ளலாம்.

அலைமகன்

ஏஐ முட்டாள் என்பதற்காகக் கடலைத் தூர்த்துவிடலாம் என்கிறீர்கள்.

தார்ப்பாய்

ஒரு கட்டம்தான். ஆமாம்.

சாம்பல்நிறம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற இன்னொரு ஆட்டத்தில் இதற்கு ஒரு கோப்பில் ஒரு வரி எழுதினால் போதுமே. இந்த மாகாணமும் அந்த மாகாணமும் இந்தக் கடற்பகுதி வழியாக அடுத்தடுத்தவை என்று குறித்துவிட்டால் படை கடக்கும். அந்தக் கடற்பகுதியில் பகைக் கப்பல்படை நின்றால் கடக்காது. அலைமகன் கேட்பதும் தார்ப்பாய் கேட்பதும் அதில் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. ஏன் 2006-இல் வந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள்?

மலைமுகடு

அந்த ஆட்டத்தில் போர்க்களத்தில் இறங்கிச் சண்டை போட முடியாது என்பதால். மெடீவல் 2-இல் கேம்பெய்ன் வரைபடத்தில் படைகள் மோதும் இடத்தின் நிலமே போர்க்களமாக விரிகிறது. நான் மேலே தெற்குச் சரிவைக் 'கொஞ்சம்' செங்குத்தாக்கச் சொன்னதும் அதனால்தான். அதிகமாக்கினால் போர்க்களம் முழுவதும் ஒரே சரிவாக வரும், ஏஐ மேலேயே நின்றுகொள்ளும், குதிரைப்படை ஏற முடியாமல் மூச்சிரைக்கும். அலார்கோஸ் போல ஒரு குன்றும் சமவெளியும் வேண்டுமென்றால் உயரப்படத்தை அந்த இடத்தில் விரலால் தடவியதுபோல நிதானமாக வைக்க வேண்டும். இந்தச் சந்தோஷம் மாகாண வரைபடத்தில் கிடைக்காது.

நீரிணை விஷயத்தில் நீங்கள் சொல்லும் முறை சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பாக்குநீரிணை

தம்பிமார் சண்டையை ரசித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இதே வழக்கு இருந்தது. பாண்டிய நாட்டையும் இலங்கையையும் சேர்த்து 12ஆம் நூற்றாண்டுக்கு ஒரு வரைபடம் செய்தேன். முதலாம் பராக்கிரமபாகுவின் படை ராமேஸ்வரம் பக்கம் இறங்கிப் பாண்டியரின் வாரிசுச் சண்டையில் கலந்துகொண்ட காலம். ஆதாம் பாலத்தில் பச்சைப் பிக்சல் வைத்தேன். அவ்வளவுதான், இரண்டு பக்கத்துப் படைகளும் சந்தைக்குப் போகிறவர்கள் மாதிரி தினமும் போய் வரத் தொடங்கிவிட்டன. மன்னார் சிறு கோட்டை. அது சுற்றுக்கு ஒரு முறை கைமாறியது. பொலன்னறுவையை யாரும் சட்டைசெய்யவில்லை.

நிலப்பாலத்தின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கடற்படையின் மதிப்புப் போவது இருக்கட்டும். தூரத்தைப் பற்றிய ஏஐயின் கணக்கே மாறிவிடுகிறது. பாலம் வைத்த மறு நொடி சியூத்தாவும் அல்ஹெசிராஸும் பக்கத்து வீடு. எல்லைக் கோட்டையான கலாத்ராவாவுக்குப் போக வேண்டிய காஸ்டீல் படை கணவாயை விட்டுவிட்டுத் தென்கரையோரமாக இறங்கி ஆப்பிரிக்காவுக்குப் போகும். உங்கள் கேம்பெய்னின் முதுகெலும்பு அந்த மலைத்தொடர் என்றால், பாலம் அதை முறித்துவிடும்.

நான் பாலத்தை எடுத்துவிட்டு ஸ்கிரிப்ட் எழுதினேன். கேம்பெய்ன் ஸ்கிரிப்டில் ஒரு கண்காணிப்பு. தரப்பின் சுற்றுத் தொடங்கும்போதெல்லாம் அது மூன்று விஷயங்களைப் பார்க்கும். இந்தத் தரப்பை ஏஐ ஆடுகிறதா? அக்கரைத் துறைமுகம் அவர்கள் கையில் இருக்கிறதா? இக்கரைத் துறைமுகமும் அவர்கள் கையில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், சில சுற்று இடைவெளிகளில் இக்கரைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு படையை உருவாக்கும். அந்தப் படையின் செலவைக் கருவூலத்திலிருந்து கழித்துவிடும்.

அலைமகன்

இது நன்றாக இருக்கிறதே! அப்படியானால் காஸ்டீல் ஆடுபவன் அல்ஹெசிராஸைப் பிடித்தால் ஆப்பிரிக்கப் படை வருவது நின்றுவிடும். 1344 முற்றுகைக்கு அர்த்தம் வந்துவிட்டது.

மலைமுகடு

எனக்குச் சம்மதமில்லை. ஆகாயத்திலிருந்து குதிக்கும் படைகளை வெறுக்கிறேன். உளவாளியை அனுப்பி ஃபெஸ் வரை பார்த்துவிட்டு, தெற்கே படையே இல்லை என்று தெரிந்துகொண்டு அல்ஹெசிராஸை முற்றுகையிடப் போகிறேன். மறுநாள் காலையில் நகரத்துக்கு வெளியே முழுப் படை நிற்கிறது. எங்கிருந்து வந்தது? ஸ்கிரிப்டிலிருந்து வந்தது. வரைபடத்தில் கண்ணால் பார்த்து முடிவெடுக்கத்தானே இவ்வளவு பிக்சல் வரைகிறோம்? மேய்ப்பன் வழி காட்டியதை நான் ரசிக்கக் காரணம், அந்த வழி அங்கேயே இருந்தது என்பதுதான்.

பாக்குநீரிணை

நியாயமான கோபம். அதற்கு இரண்டு மருந்து வைத்திருக்கிறேன். முதலாவது, படை இறங்குவதற்கு முந்தைய சுற்றில் ஒரு செய்திப்படம் காட்டுங்கள்: தான்ஜியரில் கப்பல்கள் சேர்கின்றன என்று. ஆடுபவனுக்கு ஒரு சுற்று அவகாசம் கிடைக்கிறது. முற்றுகையைத் தொடரலாம், விலகலாம். இரண்டாவது, நகரம் முற்றுகையில் இருந்தால் படை வரக் கூடாது என்று நிபந்தனை சேர்த்துவிடுங்கள். கலீஃபாவின் தலைநகர் மராகேஷ் உங்கள் படத்துக்கு வெளியே இருக்கிறது என்று கோட்டைவாசல் தம்பி எழுதியிருந்தார். அப்படியானால் அந்தப் படை வெளியிலிருந்து வருவதில் பொய் ஒன்றும் இல்லையே. உங்கள் உளவாளி பார்க்க முடியாத ஊரிலிருந்து வருகிறது.

மலைமுகடு

கடைசி வாதம் என்னை மடக்குகிறது. செய்திப்படம் இருந்தால் பொறுத்துக்கொள்வேன்.

தார்ப்பாய்

ஒரு எச்சரிக்கை. ஸ்கிரிப்டை மாற்றினால் சேமித்த பழைய ஆட்டத்தில் அது வேலை செய்யாது. புதிதாகக் கேம்பெய்ன் தொடங்கித்தான் சோதிக்க வேண்டும். பாலம் என்றால் ஒரு பிக்சல், ஒரு நிமிட வேலை. இதில் இறங்கினால் வாரக்கணக்கில் சோதனைதான். கோட்டைவாசலுக்குப் பொறுமை இருந்தால் எனக்கென்ன.

கோட்டைவாசல்

பொறுமை இருக்கிறது. பாலம் இல்லை, ஸ்கிரிப்ட்தான். நீரிணை இரண்டு கட்டமாகவே இருக்கட்டும்.

இப்போது எல்லைப்புறம். டொலேடோவுக்கும் சியர்ரா மொரேனாவுக்கும் நடுவே எத்தனை பகுதிகள் வைப்பது? அலார்கோஸுக்குப் பிறகு கலாத்ராவா அல்மொஹாதுகளிடம் போய்விட்டது. 1198இல் கலாத்ராவாவைக் காத்துவந்த வீரத்துறவிகள் சால்வாதியெர்ரா கோட்டையைப் பிடித்துக்கொண்டு 1211 வரை எதிரி நிலத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். இவை எல்லாவற்றையும் தனித்தனிப் பகுதியாக வைக்க ஆசை. பகுதி வரம்பு 200க்கு அருகில் என்பதால் எண்ணிக்கைப் பிரச்சினை இல்லை.

தார்ப்பாய்

வரம்பு இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு நகரமும் ஒரு முற்றுகை. ஆறு கட்டத்துக்கு ஒரு கோட்டை வைத்தால் ஆட்டம் முழுவதும் மதில் ஏறுவதுதான் வேலை; வெளியில் சண்டையே நடக்காது. அலார்கோஸும் லாஸ் நாவாஸும் வெளிநிலப் போர்கள். கலாத்ராவா மட்டும் பகுதியாக இருக்கட்டும், அதுவும் நகரமாக வேண்டாம், காசில் (கோட்டை ஊர்) வகையாக. சால்வாதியெர்ராவுக்கு நிலையான கல்கோட்டை வையுங்கள். 2007இல் வந்த கிங்டம்ஸ் விரிவாக்கத்தில் அது உண்டு. தொடக்க நிலைக் கோப்பில் ஒரு வரி.

மலைமுகடு

இதில் தார்ப்பாய் கட்சி. கல்கோட்டையைக் கணவாய்க்கு வடக்கே, முராதால் வழியைப் பார்க்கும்படி வைத்தால் அதைப் பிடித்தவன் குறுக்குவழியைப் பூட்டிவிடுவான். மற்றவன் சுற்றிவர வேண்டும். 1211இல் அல்-நாசிர் அந்த ஒரு கோட்டைக்காக ஏன் கோடை முழுவதையும் செலவழித்தார் என்பது ஆடுபவனுக்குத் தானே விளங்கும்.

ஆறுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவாதியானாவை அம்சப்படத்தில் (ஆறு, துறை முதலியவற்றைக் குறிக்கும் படம்) வரைந்திருப்பீர்கள். ஆற்றின் நீலப் பிக்சல்கள் பக்கம் பக்கமாக ஒட்ட வேண்டும், மூலைக்கு மூலை தொடக் கூடாது. ஊற்று இருக்கும் முனையில் ஒரு வெள்ளைப் பிக்சல். சாலை ஆற்றைக் கடக்கும் இடத்தில் எஞ்சின் தானே பாலம் போட்டுக்கொள்ளும். மற்ற இடங்களில் நடந்து கடக்க நீலப்பச்சை நிறத்தில் துறை வைக்க வேண்டும். குவாதல்கிவீரில் கோர்டோபாவுக்குக் கீழே துறை எதுவும் வைக்காதீர்கள். மேலே இரண்டு போதும்.

கோட்டைவாசல்

செய்துவிட்டேன். கலாத்ராவா காசில், சால்வாதியெர்ரா கல்கோட்டை, கணவாய் இரண்டு. ஏஐயை மட்டும் ஆடவிட்டு நீண்ட நேரம் பார்த்தேன். காஸ்டீல் படை முதல் முறையாக மேற்குக் கணவாயைச் சுற்றி இறங்கி, கலாத்ராவாவுக்குப் பின்னால் போய் நின்றது. யாரும் வழி காட்டவில்லை.

ஸ்கிரிப்டும் ஓடுகிறது. ஆனால் அல்ஹெசிராஸில் இறங்க வேண்டிய படை சில சுற்றுகளில் வருவதே இல்லை. பதிவேட்டில் பிழை எதுவும் இல்லை.

பாக்குநீரிணை

படையை உருவாக்கும் கட்டத்தில் வேறு யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். வணிகன், ஒற்றன், யாராக இருந்தாலும் சரி. துறைமுகத்துக்கு வாசலிலேயே வைத்தீர்களா? அங்கே எப்போதும் கூட்டமாக இருக்கும். சாலையை விட்டு மூன்று கட்டம் தள்ளி, யாருக்கும் வேலை இல்லாத கரையோர மூலையாகப் பார்த்து வையுங்கள் தம்பி. முடிந்தால் அந்த மூலைக்குப் போகும் வழியைத் தரைவகைப் படத்தில் ஒரு கட்டமாகக் குறுக்கிவிடுங்கள்.

கோட்டைவாசல்

ஒரு வணிகன்தான். தரீஃபா பக்கம் மாற்றிவிட்டேன் ஐயா, இப்போது தவறாமல் இறங்குகிறது.

அலைமகன்

சோதனைப் பதிப்பை ஏற்றியதும் சொல்லுங்கள், நான் லெயோன் தரப்பில் ஆடிப் பார்க்கிறேன். தொடக்க உறவுகளில் லெயோனையும் அல்மொஹாதுகளையும் எப்படி வைத்திருக்கிறீர்கள்? அலார்கோஸுக்கு மறு ஆண்டே லெயோன் அரசர் ஒன்பதாம் அல்ஃபோன்சோ அவர்களோடு சேர்ந்துகொண்டு காஸ்டீலைத் தாக்கினார். போப் மூன்றாம் செலஸ்டீன் அவரைச் சபை விலக்கம் செய்தார்.

கோட்டைவாசல்

இப்போதைக்கு நடுநிலை. கூட்டணியாக மாற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு ஏற்றுகிறேன். லெயோன் ஆடுபவருக்கு முதல் சுற்றிலேயே ரோமிலிருந்து கடிதம் வரும்படியும் செய்துவிடுகிறேன்.